நைஸ் போதுமா, சிகுரூப் வேண்டுமா, ஃபிஃபோ வரைக்கும் போகணுமா?

ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து மூன்று உருவத்தில் வந்தது. காட்பாடியில் கடைசி வருஷம் பொறியியல் படிக்கும் தம்பி: "அண்ணா, மாடல் ட்ரெய்னிங் ஓடும்போது பிரவுசர்கூட திறக்க மாட்டேங்குது. ரீநைஸ்ல 19 கொடுத்தும் ஒண்ணும் மாறல." வேலூரில் ஒரு கல்லூரி லேப் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்: "யாராவது ஒரு பையன் ஃபோர்க்கை லூப்புக்குள்ள வெச்சுடறான் சார், மொத்த லேபும் தொங்கிடுது." ராணிப்பேட்டை சிப்காட் பக்கம், தோல் ஆலைக் கழிவுநீரின் ஓட்டத்தை அளக்கும் மீட்டர்களுக்கு மென்பொருள் எழுதும் நண்பர்: "ரிப்போர்ட் தயாராகிற நேரத்துல ரீடிங் விட்டுப்போகுது. ஃபிஃபோ 99 கொடுத்துடலாமா?"

ஓடுகிற பிராசஸின் (ஓடும் நிரல்), த்ரெட்டின் (அதற்குள் தனியாக ஓடும் ஒரு இழை) குணத்தை சிஸ்டம் கால் (இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நிரல் வைக்கும் கோரிக்கை) வழியாக மாற்றுவதுதான் மூவருக்கும் தேவை. நைஸ் என்பது விட்டுக்கொடுக்கும் அளவு, ரீநைஸ் அதை ஓடும்போதே மாற்றும் கட்டளை; சிகுரூப் பிராசஸ்களைக் குழுவாக்கி அளவு வைப்பது; ஃபிஃபோ சாதாரணப் பிராசஸ்களை முந்தும் நிகழ்நேர முறை. லினக்ஸ் அதற்கு ஒன்றுக்கு ஐந்தாக வழி வைத்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பொருந்தாத வழியைப் பிடித்தாலும் பிழை எதுவும் வராது. கால் வெற்றி என்று பூஜ்யத்தைத் திருப்பிவிடும். நிலைமை மட்டும் அப்படியே இருக்கும். நைஸ் போட்டும் வேலை செய்யவில்லை என்ற புலம்பலில் பாதி இந்த வகைதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் மாற்றும் குணம் யார் மேல் போய் ஒட்டுகிறது என்பது. லினக்ஸ் கெர்னலுக்குள் பிராசஸ், த்ரெட் என்று இரண்டு தனி வகைகள் கிடையாது. இரண்டுமே டாஸ்க்தான், எதையெல்லாம் பகிர்ந்துகொள்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அதனால் சில குணங்கள் ஒற்றை த்ரெட்டோடு நிற்கும், சில பிராசஸ் முழுவதற்கும் பொதுவாக இருக்கும், சில ஒரு குழுவுக்கே சேரும். இந்த ஒரு விஷயம் தெளிவானால் மீதிக் குழப்பத்தில் பெரும்பகுதி தானாகத் தீரும்.

இரண்டாவது, உங்களுக்கு வேண்டியது பங்கா, வரம்பா, நேரமா? "மற்றவர்களுக்கு விட்டுக்கொடு" என்பது பங்கு. "இதற்கு மேல் தொடாதே" என்பது வரம்பு. "இத்தனை மில்லிசெகண்டுக்குள் எழுந்து நில்" என்பது நேரம். பங்கைக் கொடுக்கும் கருவியிடம் வரம்பைக் கேட்டால் கிடைக்காது.

மூன்றாவது, ரூட் அனுமதி வேண்டுமா, ஒரு முறை இறக்கியதைத் திரும்ப ஏற்ற முடியுமா. நான்காவது, ஃபோர்க் (பிராசஸ் தன்னையே நகலெடுப்பது) செய்த பிள்ளைக்கும் எக்ஸெக் (அதே பிராசஸுக்குள் வேறு நிரலை ஏற்றுவது) செய்த புது நிரலுக்கும் அது தொடருமா. ஐந்தாவது, எல்லை மீறினால் என்ன ஆகும்: சத்தமில்லாமல் மெதுவாகுமா, கால் தோற்றுப் பிழை எண் வருமா, சிக்னல் வருமா, நேரடியாகக் கொலையா. நள்ளிரவில் சர்வர் விழுந்து, காரணம் தேடி லாகைப் புரட்டும்போதுதான் இந்த ஐந்தாவதின் அருமை தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பரிசோதனை இருக்கிறது. 2018இல் வந்த 4.20 கெர்னலிலிருந்து ப்ராக் (கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் இடம்) ஃபோல்டருக்குள் ப்ரெஷர் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் சிபியு, மெமரி, ஐஓ என்று மூன்று கோப்புகள் இருக்கும். எதற்காகக் காத்திருந்து நேரம் போகிறது என்பதைச் சதவீதத்தில் காட்டும். மெமரிக்காகக் காத்திருக்கும் கணினியில் நைஸைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

## நைஸ்: செட்பிரயாரிட்டி

மிகப் பழைய கருவி, மிகப் பாதுகாப்பானதும்கூட. மைனஸ் 20 முதல் 19 வரை மதிப்பு. எண் கூடக் கூட விட்டுக்கொடுக்கும் குணம் கூடும். பூஜ்யத்துக்கு எடை 1024, நைஸ் 5க்கு 335, நைஸ் 10க்கு 110, நைஸ் 19க்கு 15. ஒவ்வொரு படிக்கும் எடை சுமார் 1.25 மடங்கு மாறும். 6.6 கெர்னலில், 2023இல், ஷெட்யூலரையே (யாருக்கு எப்போது சிபியு என்று தீர்மானிக்கும் பகுதி) மாற்றினார்கள். ஆனாலும் எடைக் கணக்கு அதேதான்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரே டெர்மினலில் இரண்டு வெற்று லூப்களை ஓட விடுங்கள், ஒன்று சாதாரணமாக, இன்னொன்று நைஸ் 10இல். டாஸ்க்செட் வைத்து இரண்டையும் ஒரே கோரில் கட்டிப்போடுங்கள். டாப் கட்டளையில் ஒன்று 90 சதவீதத்தையும் மற்றது 10ஐயும் ஒட்டி நிற்கும். கட்டிப்போடாமல் விட்டால் இரண்டும் 100 காட்டும், ஏனென்றால் நான்கு கோர் உள்ள லேப்டாப்பில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. இனி அதே இரண்டு லூப்களையும் ஒரே கோரில், ஆனால் தனித்தனி டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். பல லினக்ஸ்களில் பாதிக்குப் பாதியாகப் பிரிந்துவிடும். 2.6.38இல் வந்த ஆட்டோகுரூப் ஒவ்வொரு செஷனையும் தனிக் குழுவாக்கி, குழுக்களுக்கு நடுவே சமமாகப் பங்கு போடுகிறது. சிகுரூப் பிரித்து வைத்திருந்தாலும் இதே கதைதான். நைஸ் ஒரே குழுவுக்குள்தான் பேசும்.

இன்னொரு மறைவான செலவு த்ரெட் விஷயத்தில் இருக்கிறது. போசிக்ஸ் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) தரப்படி நைஸ் பிராசஸ் முழுவதற்கும் உரியது. லினக்ஸிலோ அது அந்த ஒரு த்ரெட்டுக்கு மட்டும். பிறகு பிறக்கும் த்ரெட்கள் அதை வாங்கிக்கொள்ளும், ஏற்கெனவே ஓடுபவை வாங்காது. நம் காட்பாடித் தம்பி, ட்ரெய்னிங் தொடங்கிய பிறகு பிராசஸ் எண்ணைக் கொடுத்து ரீநைஸ் செய்தார். மாறியது முதன்மை த்ரெட் மட்டும். கணக்குப் போடும் எட்டு த்ரெட்களும் பூஜ்யத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. ப்ராக் ஃபோல்டரில் அந்தப் பிராசஸுக்குக் கீழே டாஸ்க் என்ற ஃபோல்டரில் இருக்கும் எண்கள் ஒவ்வொன்றுக்கும் ரீநைஸ் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் தொடங்கும்போதே நைஸ் கட்டளையோடு தொடங்கியிருக்க வேண்டும், அது இன்னும் சுலபம். பைத்தானுக்குள்ளேயே செய்வதானால் நம்பை என்ற கணக்கு நூலகத்தை இம்போர்ட் செய்யும் வரிக்கு முன்னால் செய்யுங்கள். அந்த இம்போர்ட்டிலேயே த்ரெட்கள் பிறந்துவிடுவது உண்டு.

அனுமதி விஷயத்தில் நைஸ் தாராளம். யார் வேண்டுமானாலும் தன் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கூட்டியதைக் குறைக்க ரூட் வேண்டும், அல்லது ஆர்லிமிட்டில் (பிராசஸுக்கான வரம்புகள், கீழே பார்ப்போம்) நைஸுக்கு முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும். சி மொழியில் எழுதுபவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: கெட்பிரயாரிட்டி மைனஸ் 1 திருப்பினால் அது பிழையாகவும் இருக்கலாம், உண்மையான நைஸ் மதிப்பாகவும் இருக்கலாம். கால் செய்வதற்கு முன் எர்நோவை (பிழை எண் நிற்கும் இடம்) பூஜ்யமாக்கிவிட்டு, பிறகு அதைப் பாருங்கள்.

அப்புறம் சூடு. அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத வேலூர் அறையில் லேப்டாப் விசிறி அலறும்போது நைஸ் 19 போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கோர் காலியாக இருந்தால் நைஸ் 19 பிராசஸும் அதை நூறு சதவீதம் தின்னும். சூடு ஒரு டிகிரிகூடக் குறையாது. கரண்ட் போனபின் பேட்டரி நிற்கும் நேரமும் கூடாது. அதற்கு வேண்டியது வரம்பு. அதைக் கீழே சிகுரூப்பில் பார்ப்போம்.

## ஷெட்யூலிங் பாலிசி: பேட்ச், ஐடில், ஃபிஃபோ, டெட்லைன்

ஷெட்_செட்ஷெட்யூலர் என்ற கால் எண்ணை மாற்றுவதில்லை, விதியையே மாற்றுகிறது. இதில் சாதுவான இரண்டு உண்டு. பேட்ச் என்பது "நான் நீளமாகக் கணக்குப் போடும் ஆள், என்னை அடிக்கடி எழுப்ப வேண்டாம்" என்று ஷெட்யூலரிடம் சொல்வது. ஐடில் என்பது நைஸ் 19ஐ விடவும் கீழே. எடை வெறும் 3. இரவில் ஓடும் பேக்கப், இண்டெக்ஸ் போடும் வேலை போன்றவற்றுக்கு ஐடில் பிரமாதம், ரூட் அனுமதியும் கேட்காது. நைஸ் 19 எழுதும் இடங்களில் பெரும்பாலும் ஐடில் எழுதலாம் என்பது என் கருத்து.

ஃபிஃபோவும் ஆர்ஆரும் வேறு உலகம். 1 முதல் 99 வரை முன்னுரிமை. காட்பாடி ஜங்ஷனில் பாசஞ்சரை ஓரங்கட்டி எக்ஸ்பிரஸை விடுகிற மாதிரி, ஃபிஃபோ த்ரெட் எழுந்தால் அந்தக் கோரில் உள்ள சாதாரணப் பிராசஸ்கள் அத்தனையும் ஒதுங்கியே ஆக வேண்டும், அவற்றின் நைஸ் மைனஸ் 20 ஆக இருந்தாலும் சரி. அது தானாகத் தூங்கும் வரைக்கும், அல்லது அதைவிட உயர்ந்த ஒன்று வரும் வரைக்கும் இறங்காது. ஆர்ஆர் என்றால் சம முன்னுரிமை உள்ளவர்களுக்கு நடுவே முறை மாறும். முறைக்கு வழக்கமாக 100 மில்லிசெகண்ட்.

இதில் ஒரு முடிவில்லா லூப் எழுதினால் என்ன ஆகும்? முன்பெல்லாம் கணினியே உறைந்துவிடும். அதற்காகக் கெர்னல் ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது: ஒவ்வொரு செகண்டிலும் இந்த நிகழ்நேர வகைகள் சேர்ந்து 0.95 செகண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது வழக்கமான அமைப்பு. மிச்சமுள்ள 5 சதவீதத்தில் நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்து அதைக் கொல்லலாம், பொறுமை இருந்தால். இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று இந்தக் கடிவாளத்தை அணைத்துவிடாதீர்கள்.

99 ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கெர்னலின் சொந்த மைக்ரேஷன் த்ரெட்கள் அந்த உச்சியில்தான் இருக்கின்றன. இண்டரப்ட்களை (வன்பொருள் தரும் குறுக்கீடுகள்) த்ரெட்டாக ஓட்டும் கெர்னலில் அவற்றுக்கு வழக்கமான முன்னுரிமை 50. சீரியல் போர்ட்டிலிருந்து டேட்டா கொண்டுவரும் த்ரெட் 50இல் இருக்க, அந்த டேட்டாவுக்காகக் காத்திருக்கும் உங்கள் த்ரெட் 99இல் நின்று அதை மறிப்பது யாருக்கு லாபம்? 10, 20 போதும்.

ஃபிஃபோவின் மறைவான செலவுகளை வாங்கும் முன்பே எண்ணிப் பார்த்துவிடுங்கள். எம்லாக்ஆல் போட்டு நினைவகப் பக்கங்களை ராமிலேயே பூட்டி வைக்காவிட்டால், ஒரு பேஜ் ஃபால்ட்டில் (வேண்டிய பக்கம் ராமில் இல்லாத நிலை) உங்கள் எக்ஸ்பிரஸ் டிஸ்க்குக்காகக் காத்து நிற்கும். மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கும் பூட்டு) சாதாரண த்ரெட்டோடு பகிர்ந்தால், அந்தச் சாதாரணம் ஓட வாய்ப்பில்லாமல் பூட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மியூட்டெக்ஸை உருவாக்கும்போதே பிரயாரிட்டி இன்ஹெரிட் குணத்தைக் கொடுக்க வேண்டும். பீத்ரெட் ஆட்ரிபியூட்டில் பாலிசியையும் முன்னுரிமையையும் எழுதிவிட்டு, இன்ஹெரிட்ஷெட் என்பதை எக்ஸ்ப்ளிசிட் என்று மாற்ற மறந்தால், ஜிலிப்சி (லினக்ஸின் வழக்கமான சி நூலகம்) நீங்கள் எழுதியதைக் கண்டுகொள்ளாது. பெற்ற த்ரெட்டின் பாலிசியே தொடரும், பிழையும் வராது. ஆல்பைன் கண்டெய்னரில் ஓட்டினால் இன்னொரு அதிர்ச்சி: அங்குள்ள மசல் நூலகத்தில் ஷெட்_செட்ஷெட்யூலர் எப்போதுமே "இப்படி ஒரு கால் இல்லை" என்ற பிழையோடு திரும்பும். பிள்ளைகளுக்குத் தொற்றாமல் இருக்க ரீசெட் ஆன் ஃபோர்க் என்ற கொடியைச் சேருங்கள். இல்லாவிட்டால் உங்கள் நிகழ்நேர த்ரெட் கூப்பிடும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டும் நிகழ்நேரமாக ஓடும்.

டெட்லைன் பாலிசி 3.14இல், 2014இல் வந்தது. "ஒவ்வொரு 100 மில்லிசெகண்டிலும் எனக்கு 5 மில்லிசெகண்ட் வேண்டும், 20க்குள் முடித்தாக வேண்டும்" என்று மூன்று எண்களைச் சொல்லலாம். கொடுக்க முடியாத அளவு கேட்டால் கெர்னல் அப்போதே மறுத்துவிடும். இந்தப் பண்பு ஃபிஃபோவிடம் இல்லை. ஆனால் ஷெட்_செட்ஆட்டர் என்ற தனிக் கால் வேண்டும், சாதாரண ஃபோர்க் மறுக்கப்படும், கோர் கட்டுவதோடு ஒத்துவராது. ரோபோ கை ஆட்டுபவர்கள் பார்க்கலாம். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

## கோர் ஒதுக்குதல்: ஷெட்_செட்அஃபினிட்டி

"இந்த த்ரெட் 2, 3 எண் கோர்களில் மட்டும் ஓடட்டும்" என்று சொல்வது. ரூட் வேண்டாம், ஃபோர்க், எக்ஸெக் இரண்டையும் தாண்டிப் போகும், புரிந்துகொள்ளவும் எளிது. கனமான வேலையை இரண்டு கோரில் அடைத்து மற்ற இரண்டை உங்களுக்கு வைத்துக்கொண்டால், கணினி உடனே மூச்சுவிடும். சூடும் ஓரளவு இறங்கும்.

ஆனால் இது ஒருவழி வேலி. உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர் தாராளமாக உள்ளே வரலாம். 2ஆம் கோரை உங்கள் த்ரெட்டுக்கு ஒதுக்கினீர்கள் என்பதற்காக பிரவுசர் அங்கே வராமல் இருக்காது. அதுவும், கட்டிப்போட்ட கோர் நெரிசலாக இருக்கும்போது பக்கத்துக் கோர் சும்மா கிடந்தாலும் உங்கள் த்ரெட் அங்கே தாவ முடியாது. ஷெட்யூலருக்குத் தெரிந்ததை விட நமக்கு அதிகம் தெரியும் என்ற நிச்சயம் இருந்தால் மட்டும் கட்டுங்கள்.

நிரல் எத்தனை த்ரெட் தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். பைத்தானின் ஓஎஸ் சிபியு_கவுண்ட் கணினியில் உள்ள மொத்தக் கோர்களைச் சொல்லும், உங்களுக்கு ஒதுக்கியதை அல்ல. பதினாறு த்ரெட் தொடங்கி இரண்டு கோரில் முட்டி மோதும். ஷெட்_கெட்அஃபினிட்டி கொடுக்கும் பட்டியலின் நீளத்தை எடுங்கள், 3.13 பைத்தானில் இதற்கென்றே பிராசஸ்_சிபியு_கவுண்ட் வந்துவிட்டது.

## ஆர்லிமிட்: செட்ஆர்லிமிட், பிஆர்லிமிட்

இது பங்கு அல்ல, வரம்பு. பிராசஸுக்கு ஒன்று, த்ரெட்கள் எல்லாம் அதையே பகிரும். ஃபோர்க்கில் பிள்ளைக்குப் போகும், எக்ஸெக்குக்குப் பிறகும் நீடிக்கும். மென் வரம்பு, வன் வரம்பு என்று இரண்டு உண்டு. மென்மையானதை வன்மையானது வரை நாமே ஏற்றி இறக்கலாம். வன்மையானதை இறக்கினால் ரூட் இல்லாமல் திரும்ப ஏறாது. செட்ஆர்லிமிட் தனக்கு மட்டும், 2.6.36இல் வந்த பிஆர்லிமிட் ஓடிக்கொண்டிருக்கும் வேறு பிராசஸுக்கும் வைக்கும்.

நல்ல பக்கம் என்னவென்றால் மீறும்போது தெளிவாகச் சொல்லும். சிபியு நேரம் மென் வரம்பைத் தொட்டால் எக்ஸ்சிபியு சிக்னல், வன் வரம்பைத் தொட்டால் கொலை. கோப்பு அளவு மீறினால் எக்ஸ்எஃப்எஸ்இசட் சிக்னல். மாணவர்களின் நிரல்களை ஓட்டித் திருத்தும் கருவிக்கு இவை கச்சிதம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சிபியு நேரம் என்பது கடிகார நேரம் அல்ல. தூங்கிக்கொண்டே இருக்கும் நிரல் இந்த வரம்பை என்றைக்கும் தொடாது.

மோசமான பக்கம் மெமரி. முகவரி வெளிக்கான வரம்பு உண்மையில் பயன்படுத்தும் ராமை அளப்பதில்லை, ஒதுக்கிவைத்த முகவரிகளை அளக்கிறது. ஜாவா போன்றவை தொடங்கும்போதே பெரும் பரப்பை ஒதுக்கும். 2 ஜிபி என்று போட்டால் ஓடவே ஓடாமல் விழலாம், ராம் காலியாகக் கிடந்தாலும். சரி, ராமை அளக்கும் ஆர்எஸ்எஸ் வரம்பைப் போடலாமே என்றால், அது பெயரளவில்தான் இருக்கிறது, 2.4.30க்குப் பிறகு எந்த விளைவும் இல்லை. அது மட்டுமல்ல, வரம்பு ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. 500 எம்பி வரம்பு வைத்து இருபது பிள்ளைகளைப் பெற்றால் மொத்தம் 10 ஜிபி போகும்.

பிராசஸ் எண்ணிக்கைக்கான என்பிராக் வரம்பு இதற்கு விதிவிலக்கு. அது பயனர் எண்ணை வைத்து எண்ணும், த்ரெட்களையும் சேர்த்து. லேபில் எல்லாப் பிள்ளைகளும் ஸ்டூடண்ட் என்ற ஒரே லாகினில் நுழைந்தால் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே எண்ணிக்கை. ஒருவன் ஃபோர்க் குண்டு (முடிவில்லாமல் ஃபோர்க் செய்யும் நிரல்) போட்டால் மற்றவர்களுக்கு எல்எஸ் கட்டளைகூட ஓடாது. ரூட்டாக ஓடும் பிராசஸை இந்த வரம்பு தடுக்கவே தடுக்காது. இடிசி ஃபோல்டரில் லிமிட்ஸ் கோப்பில் எழுதியது லாகின் வழியாக வருபவர்களுக்குத்தான். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) தொடங்கும் சர்வீஸ்கள் அதைப் படிப்பதில்லை, அவற்றின் யூனிட் கோப்பில் தனியாக எழுத வேண்டும்.

## சிகுரூப் 2

இது கண்டிப்பாகச் சொன்னால் சிஸ்டம் கால் அல்ல, கோப்புகளில் எழுதுவது. ஆனாலும் இன்று இந்த ஒப்பீட்டில் இதை விட்டால் கட்டுரை பாதிதான். 4.5 கெர்னலில், 2016இல், முறைப்படி வந்தது. உபுண்டு 22.04, டெபியன் 11 இரண்டிலும் இதுவே இயல்பு. குழு என்பதால் எத்தனை பிள்ளை பெற்றாலும், எத்தனை த்ரெட் தொடங்கினாலும் கணக்கு ஒன்றுதான். ஃபோர்க் செய்து தப்பிக்க முடியாது.

சிபியு வெயிட் பங்கைக் கொடுக்கும்: 1 முதல் 10000, இயல்பு 100. சிபியு மேக்ஸ் வரம்பைக் கொடுக்கும். மெமரி மேக்ஸ் உண்மையான பயன்பாட்டை அளக்கும், பிட்ஸ் மேக்ஸ் (பிராசஸ், த்ரெட் எண்ணிக்கை வரம்பு) ஃபோர்க் குண்டை அடக்கும். கையால் கோப்பு எழுதப் பிடிக்காதவர்கள் சிஸ்டம்டி ரன் கட்டளையில் ஸ்கோப் என்று சொல்லி, சிபியு கோட்டா 50 சதவீதம், மெமரி மேக்ஸ் 4 ஜி என்று ஒரே வரியில் தொடங்கிவிடலாம். யூசர் என்ற கொடியோடு ஓட்டினால் பெரும்பாலான புதிய லினக்ஸ்களில் ரூட் கூடக் கேட்காது.

மறைவான செலவு சிபியு மேக்ஸில் இருக்கிறது. 50000, 100000 என்று எழுதினால் ஒவ்வொரு 100 மில்லிசெகண்டிலும் 50 மில்லிசெகண்ட் சிபியு நேரம் என்று பொருள். நான்கு த்ரெட்கள் நான்கு கோரில் ஒன்றாக ஓடினால் அந்த ஐம்பதை 12.5 மில்லிசெகண்டில் தீர்த்துவிட்டு, மீதி 87.5 மில்லிசெகண்ட் நான்கும் கட்டாயத் தூக்கம் போடும். சராசரி சிபியு பார்க்க அழகாக இருக்கும். வெப் சர்வரின் பதில் நேரம் மட்டும் தாறுமாறாக எகிறும். சிபியு ஸ்டாட் கோப்பில் என்ஆர்_த்ராட்டில்டு என்ற எண் ஏறிக்கொண்டே போனால் இதுதான் நோய். ஆகவே, காத்திருக்கும் ஆள் இருக்கிற வேலைக்கு வெயிட். ராத்திரி ஓடும் வேலைக்கு, சூட்டைக் குறைக்க, மேக்ஸ்.

மெமரி மேக்ஸைத் தொட்டு, மெமரியை மீட்கவும் முடியாமல் போனால் எச்சரிக்கை கிடையாது, குழுவுக்குள் ஒருவர் கொல்லப்படுவார். அதற்குச் சற்றுக் கீழே மெமரி ஹை என்று ஒன்று வையுங்கள். அதைத் தாண்டினால் கொல்லாது, வேகத்தைக் குறைத்து மெமரியை மீட்கப் பார்க்கும். தொங்குகிறதே என்று நீங்கள் கவனிக்க அவகாசம் கிடைக்கும்.

## சில்லறைகள்

பிஆர்சிடிஎல் என்பது ஒரு பொட்டிக்கடை, எல்லாம் கிடைக்கும். த்ரெட்டுக்குப் பெயர் வைக்கலாம். முடிவுக் குறியோடு சேர்த்து 16 பைட்தான், அதற்கு மேல் சத்தமில்லாமல் வெட்டிவிடும். நோ நியூ பிரிவ்ஸ் போட்டால் பிறகு எக்ஸெக் செய்யும் எதனாலும் கூடுதல் அதிகாரம் பெற முடியாது. மாணவர் நிரலை ஓட்டுபவர்கள் கட்டாயம் போடுங்கள். பேரண்ட் இறந்தால் பிள்ளைக்குச் சிக்னல் அனுப்பும் பிடெத்சிக் பலருக்கும் பிடித்தது, ஆனால் அதில் பேரண்ட் என்பது ஃபோர்க் செய்த அந்த த்ரெட். த்ரெட் பூலில் ஒரு த்ரெட் வேலை முடிந்து ஓய்வு பெற்றால், மொத்த நிரல் உயிரோடு இருக்கும்போதே பிள்ளை செத்துப்போகும்.

ஐஓபிரியோ_செட் டிஸ்க்குக்கான நைஸ். ஜிலிப்சியில் இதற்குச் சுற்றுறை இல்லை, சிஸ்கால் என்று நேரடியாகக் கூப்பிட வேண்டும். டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் பிஎஃப்க்யூ ஷெட்யூலர் இருந்தால் நன்றாக வேலை செய்யும். என்விஎம்இ டிஸ்க்குகளில் வழக்கமாக ஷெட்யூலர் நன் (எதுவும் இல்லை) என்றிருக்கும். அங்கே போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று.

| வழி | யார் மேல் ஒட்டும் | என்ன கிடைக்கும் | ரூட் | மீறினால் |
|---|---|---|---|---|
| நைஸ் | த்ரெட் | பங்கு, குழுவுக்குள் மட்டும் | குறைக்க மட்டும் | மீறல் என்பதே இல்லை |
| பேட்ச், ஐடில் | த்ரெட் | பங்கு | வேண்டாம் | மீறல் என்பதே இல்லை |
| ஃபிஃபோ, ஆர்ஆர் | த்ரெட் | நேரம் | வேண்டும், அல்லது ஆர்டிபிரியோ வரம்பு | மற்றவர்கள் பட்டினி, பிறகு கடிவாளம் |
| அஃபினிட்டி | த்ரெட் | இட ஒதுக்கீடு | வேண்டாம் | வெளியே போகவே முடியாது |
| ஆர்லிமிட் | பிராசஸ் (என்பிராக் பயனர்) | வரம்பு | வன் வரம்பை ஏற்ற | பிழை எண் அல்லது சிக்னல் |
| சிகுரூப் | குழு | பங்கும் வரம்பும் | அமைப்பைப் பொறுத்தது | தூக்கம், ஃபோர்க் பிழை, கொலை |

## மூவருக்கும் எது

தம்பியின் லேப்டாப்பில் ப்ரெஷர் கோப்புகளைப் பார்க்கச் சொன்னேன். சிபியு வரிசையில் கொஞ்சம். மெமரி வரிசையில் மலை. டேட்டா லோடர் ராமை நிரப்பி ஸ்வாப்புக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. த்ரெட் அத்தனைக்கும் சரியாக நைஸ் போட்டிருந்தாலும் பிரவுசர் திறந்திருக்காது. அவருக்கு சிகுரூப்: மெமரி ஹை, அதற்கு மேல் மெமரி மேக்ஸ், கூடவே குறைந்த சிபியு வெயிட். மே மாதம் என்றால் சிபியு கோட்டாவும். லோடர் வொர்க்கர்களைப் பாதியாகக் குறைப்பது எந்த சிஸ்டம் காலையும் விட நல்லது என்பதையும் சொன்னேன்.

லேபுக்கு ஒரே கருவி போதாது. முதல் வேலை, பொது லாகினை ஒழித்து ஆளுக்கொரு லாகின். அது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். பிறகு சிஸ்டம்டியில் ஒவ்வொரு பயனரின் ஸ்லைஸுக்கும் பொருந்தும்படி ஒரே கோப்பில் டாஸ்க்ஸ் மேக்ஸ், மெமரி மேக்ஸ், சிபியு வெயிட். சிபியு கோட்டா வேண்டாம். காலையில் மூன்றே பேர் இருக்கும்போது பதினாறு கோரும் சும்மா கிடப்பது அநியாயம். தேர்வு நிரல்களைத் திருத்தும் கருவிக்குள் மட்டும் ஆர்லிமிட்: சிபியு நேரம், கோப்பு அளவு. கடிகார நேரத்துக்குத் தனியாக டைம்அவுட் கட்டளை.

ராணிப்பேட்டை நண்பரின் கதைதான் சுவாரசியம். மீட்டர் மோட்பஸ் ஆர்டியூ (தொழிற்சாலைக் கருவிகள் சீரியல் கம்பியில் பேசும் முறை) பேசுகிறது, 9600 வேகம். வந்த பைட்களைக் கெர்னல் தன் பஃபரில் சேர்த்து வைத்துக்கொள்ளும். நிரல் கொஞ்சம் தாமதமாக எழுந்தால் டேட்டா தொலைந்துவிடாது. அப்படியிருக்க ரீடிங் ஏன் விட்டுப்போகிறது? அவர் நிரலில் மீட்டரைக் கேட்பது, பதிலைப் படிப்பது, கோப்பில் எழுதி எஃப்சிங்க் (டிஸ்க்கில் போய்ச் சேரும் வரை காத்திருக்கும் கால்) செய்வது எல்லாம் ஒரே த்ரெட். ரிப்போர்ட் தயாராகும்போது டிஸ்க் நெரிசலில் எஃப்சிங்க் திரும்பி வரவே ஒரு செகண்ட் ஆகிறது. அடுத்த முறை கேட்க வேண்டிய நேரம் தாண்டிவிடுகிறது. டிஸ்க்குக்காகத் தூங்கும் த்ரெட்டுக்கு ஃபிஃபோ 99 கொடுத்தால் அது 99 முன்னுரிமையோடு தூங்கும், அவ்வளவுதான்.

அவருக்கு நான் சொன்னது: படிக்கும் த்ரெட், எழுதும் த்ரெட் இரண்டையும் பிரித்து நடுவில் ஒரு வரிசை வையுங்கள். ரிப்போர்ட் நிரலை ஐடில் பாலிசியில் தள்ளுங்கள். இதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மோட்பஸில் ஒரு ஃப்ரேம் முடிந்தது என்பதற்கு அடையாளம் மூன்றரை எழுத்து நேர மௌனம். 9600 வேகத்தில் அது சுமார் 4 மில்லிசெகண்ட். அந்த மௌனத்தை உங்கள் நிரலே கடிகாரம் பார்த்து அளக்கிறது என்றால் மட்டும், படிக்கும் த்ரெட்டுக்கு ஃபிஃபோ 10, எம்லாக்ஆல், ரீசெட் ஆன் ஃபோர்க். சர்வீஸை ரூட்டாக ஓட்டத் தேவையில்லை, யூனிட் கோப்பில் லிமிட் ஆர்டிபிரியோ 10, எம்லாக்ஆலுக்காக லிமிட் மெம்லாக் இன்ஃபினிட்டி என்று எழுதினால் போதும்.

போட்ட பிறகு, எழுவதற்கு எவ்வளவு தாமதம் என்று அளக்கும் சைக்ளிக்டெஸ்டையும் அதே முன்னுரிமையில் ஓட விடுங்கள், ரிப்போர்ட் தயாராகும் அதே நேரத்தில், ஒரு முழு ஷிஃப்ட்டுக்கு. கடைசியில் இருக்கும் மேக்ஸ் எண்ணைப் பாருங்கள், சராசரியைப் பார்க்க வேண்டாம். அது 4 மில்லிசெகண்டுக்கு எங்கோ கீழே இருந்தால் கெர்னலை மாற்றும் யோசனையைக் கைவிடுங்கள். தாண்டினால் மட்டும் நிகழ்நேரக் கெர்னலைப் பற்றிப் பேசலாம். 2024இல் வந்த 6.12இலிருந்து அது முதன்மைக் கெர்னலிலேயே இருக்கிறது, தனியாகத் திருத்தக் கோப்பு தேடி அலைய வேண்டியதில்லை.